கணக்கில் வராத மூட்டை

நிலப் பயன்பாட்டு வரைபடம் எதைப் பார்த்தாலும் கொஞ்ச காலமாக எனக்குள் ஒரு நெருடல். வரைபடத்தில் தப்பு ஒன்றும் இல்லை. செயற்கைக்கோள் எடுத்த படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு நிறம் என்று தீட்டுகிறார்கள்: பயிருக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. என் ஊரான சிங்காரப்பேட்டையை அதில் தேடினால் கிழக்கே ஜவ்வாது மலையின் அடர்பச்சை வந்து முட்டுகிறது. ஊத்தங்கரையிலிருந்து செங்கம் போகும் சாலையை ஒட்டிச் சிவப்பாக ஊர். சுற்றிலும் மாவும் மரவள்ளியும் ராகியும் ஒரே மஞ்சளில் கரைந்து கிடக்கின்றன. அங்கங்கே ஏரிகளின் நீலம், அதுவும் கார்த்திகையில் எடுத்த படமாக இருந்தால். 1792க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் எங்கள் பகுதி அடங்கிய பாராமகாலை அளந்து, எது நஞ்சை, எது புஞ்சை, எது தரிசு என்று எழுதி வைத்ததும் ஏறக்குறைய இந்த வேலைதான். அவர்களுக்கு வேண்டியது வரி. இன்றைய ஆய்வாளருக்கு வேண்டியது வேறு. ஆனால் இரண்டு காகிதத்திலும் ஒவ்வொரு துண்டு நிலமும் தன் எல்லைக்குள் சும்மா கிடக்கிறது. ஒரு துண்டிலிருந்து கிளம்பி இன்னொன்றுக்குப் போவது என்ன, போனது திரும்பி வந்ததா என்று கேட்டால் நிறங்களிடம் பதில் கிடையாது. எனக்கு நெருடுவது அந்தப் போக்குவரத்துதான்.

நிறங்களை வைத்துச் சொல்லக்கூடியதை நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் டி.வி. ராமச்சந்திராவின் குழு 1973இலிருந்து 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களை அடுக்கிவைத்து, அந்த நகரத்தின் நீர்நிலைப் பரப்பில் 79 சதவீதம் போய்விட்டது என்று காட்டியது. எஞ்சியவற்றில் பெரியது பெல்லந்தூர் ஏரி. 2015இலும், 2017இலும், 2018இலும் தீப்பிடித்து எரிந்த ஏரி. அதன் தண்ணீர் வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து தென்பெண்ணையில் விழுந்து, எல்லை தாண்டி ஓசூருக்கு மேலே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையைத் திறந்தால் நுரை. நந்திமங்கலம் பக்கத்துத் தரைப்பாலத்தை மூடிக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் வெள்ளை நுரையைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்போம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரனான எனக்கு அந்த 79 சதவீதத்தைப் படிக்கும்போது உள்ளே ஒரு சின்னத் திருப்தி வந்ததை மறைக்க வேண்டியதில்லை. குற்றவாளி மேலே இருக்கிறார், ஆதாரம் படமாக இருக்கிறது, பாதிக்கப்பட்டவர்கள் கீழே இருக்கிறோம். இவ்வளவு சுத்தமாக ஒரு வழக்கு அமைந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் நுரை. நுரைக்கும் தண்ணீரில் வரும் பயிர்ச்சத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நுரையைக் கிளப்புவது சோப்புத்தூளில் இருக்கும் பரப்பு இழுவிசைக் குறைப்பிகள். அவை சேற்றில் ஒட்டிக்கொண்டு வெயில் காலம் முழுக்க அடியில் கிடக்கும். மழை வந்து கலக்கினால் எழும்பும். சீண்டினால் காற்றோடு போய்விடும். கேமராவுக்கு ஏற்ற அழுக்கு அது. கூடவே வருகிற இன்னொன்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வேளாண்மைத் துறைக்காரர்கள் மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பரஸ். அது வந்து சேர்ந்ததை அடுத்த மாதமோ அடுத்த வருஷமோ தண்ணீர் பச்சைக் குழம்பாகும்போதுதான் தெரிந்துகொள்கிறோம். ஆற்றில் அடுத்து வரும் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் நீர் அப்படித் திரண்டு பச்சையாக நிற்கும் நாளில் கரையோரம் போனால் அழுகிய கீரையும் மீன் செதிலும் சேர்ந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். சட்டையில் கூட நிற்கும். ஓசூர் நுரைக்குப் போகும் செய்தியாளர்கள் இந்தப் பச்சைக்கு அவ்வளவாக வருவதில்லை. வந்தாலும் ‘ரசாயனக் கழிவு’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் ஆலைக் குழாய் இல்லை, நம் சாப்பாடு என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் காட்டுக்குள், எண்ணால் மட்டும் அழைக்கப்படும் 226ஆம் ஏரி ஒன்று உண்டு. 1973இல் டேவிட் ஷிண்ட்லரும் சகாக்களும் அதன் இடுப்பில் ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபாதிக்கு அதே இரண்டோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சையாகப் பொங்கியது. மற்றது பழையபடி கிடந்தது. வானத்திலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம் பல நாடுகளில் சோப்புத்தூள் சட்டத்தை மாற்ற உதவியது. இந்தப் பொருளின் குணத்தில் எனக்கு அதிகம் உறைப்பது வேறொன்று. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிஞ்சினால் நுண்ணுயிரிகள் அதைப் பிரித்துக் காற்றுக்கு அனுப்பிவிடும். பாஸ்பரசுக்கு ஆகாய மார்க்கம் இல்லை. மண், தண்ணீர், உடம்பு, இந்த மூன்றுக்குள் எங்காவது இருந்தே ஆக வேண்டும். நம் பக்கத்துச் செம்மண்ணில் இருக்கும் இரும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் போட்ட உரத்தில் பாதிக்கு மேல் பயிருக்கு அந்தப் போகத்தில் எட்டாமல் போகிறது. அதே செம்மண் கரைந்து ஏரிக்கு அடியில் படிந்து, மேலே ஆகாயத்தாமரை மூடி, உள்ளே பிராணவாயு தீர்ந்துபோனால், இரும்பு பிடியை விட்டுவிடும். இங்கிலாந்தின் ஏரி ஒன்றில் இதை மார்ட்டிமர் என்பவர் 1941இலேயே கண்டு எழுதினார். மேலிருந்து வரும் சாக்கடையை நாளைக்கே முழுதாக நிறுத்தினாலும், அடிச்சேறு பழைய வட்டிக் கணக்கு மாதிரி வருஷா வருஷம் வசூலித்துக்கொண்டிருக்கும் என்பது இதன் பொருள். பெல்லந்தூரில் தூர் வாருகிறார்கள் என்ற செய்தியைப் படிக்கிற போதெல்லாம் வாரிய சேறு எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. அது குப்பையா, உரமா?

இனி ஒரு கணக்கு. டிஏபி உரம் ஒரு மூட்டை 50 கிலோ. அதில் 46 சதவீதம் என்று அச்சடித்திருப்பது பாஸ்பரஸ் ஆக்சைடு. தனிப் பாஸ்பரஸாகப் பார்த்தால் மூட்டைக்குச் சுமார் 10 கிலோ. ஒரு மனிதர் ஒரு வருஷத்தில் சிறுநீரும் மலமுமாக வெளியேற்றும் பாஸ்பரஸ் சுமார் அரைக் கிலோ. ஆக இருபது பேர் ஒரு வருஷம் கழித்தால் ஒரு மூட்டை டிஏபியின் மணிச்சத்து. பெங்களூருவில் ஒரு கோடிப் பேர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம்: வருஷத்துக்கு 5 லட்சம் மூட்டை. எல்லாமே தென்பெண்ணைக்கு வருவதில்லை. நகரத்தின் மேற்குச் சாக்கடை காவிரிப் பக்கம் போகிறது, கொஞ்சம் வழியில் படிந்துவிடுகிறது. நகரக் கழிவுநீரில் ஏறக்குறைய 40 சதவீதம் பெல்லந்தூர் வழியாகப் போவதாகச் சொல்வார்கள். அதை மட்டும் எடுத்தாலும் 2 லட்சம் மூட்டை. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று, ஆடிப்பட்டத்தில் டிஏபி தட்டுப்பாடு என்று கூட்டுறவுச் சங்கத்து வாசலில் சிட்டாவைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நின்ற வரிசை நினைவுக்கு வந்தது. உள்ளே மூட்டை இருக்கிறதா என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லோடு இன்னும் வரவில்லை. நம் நாட்டில் தேவைக்கு ஏற்ற பாஸ்பேட் பாறை இல்லை. உலக இருப்பில் ஏறக்குறைய எழுபது சதவீதம் மொராக்கோவின் கையில் இருக்கிறது. அங்கிருந்தோ வேறெங்கிருந்தோ கப்பல் வர வேண்டும், லாரி வர வேண்டும். அதே நேரத்தில் கொஞ்சம் தள்ளி ஆற்றில் அது இலவசமாக வந்துகொண்டிருக்கிறது, கேட்பாரில்லாமல்.

இந்த இடத்தில் ஒரு சுலபமான வரி மனதில் ஓடும்: நம் மண்ணின் சத்தை ராகியாகவும் மாம்பழமாகவும் பெங்களூருக்கு அனுப்புகிறோம், அவர்கள் அதைச் சாக்கடையாகத் திருப்பி அனுப்புகிறார்கள். மேடையில் கைதட்டல் வாங்கும் வரி. கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. 100 கிலோ ராகி மூட்டையில் போகும் பாஸ்பரஸ் கால் கிலோ அளவுதான். மாம்பழத்தில் அதைவிடப் பல மடங்கு குறைவு. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போனாலும் அதில் போவது பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். பெங்களூருக்காரர்கள் சாப்பிடும் கோதுமை வடக்கிலிருந்து வருகிறது, பருப்பும் எண்ணெயும் எங்கெங்கிருந்தோ. எனவே ஆற்றில் வருவது நம் மண் என்று உரிமை கொண்டாட முடியாது. அதில் மொராக்கோப் பாறை இருக்கிறது, பஞ்சாப் வயல் இருக்கிறது, கடல் மீன் இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தத் தண்ணீர் சிங்காரப்பேட்டைக்கு வருவதே இல்லை. நாங்கள் பாம்பாற்றுப் பக்கம். அது திருப்பத்தூரைத் தாண்டி வந்து பாவக்கல் அருகே அணையில் தேங்கி, கீழே போய்த்தான் தென்பெண்ணையில் கலக்கிறது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் போவது எங்கள் பிள்ளைகள். தீபாவளிக்கு முந்தின இரவு ஊத்தங்கரை பஸ் நிலையத்தில் நின்றால் ஊரில் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். மேலே இருக்கும் குற்றவாளி என்று நான் விரல் நீட்டிய இடத்தில், ஷிப்டு முடிந்து வந்து அறையில் துணி துவைத்துக்கொண்டிருப்பது என் அக்கா மகன். அவனுடைய சோப்புத்தூளும் அவன் சாப்பிட்ட சாப்பாடும் கே.ஆர்.பி. அணைக்கு வருகின்றன. சொந்த ஊருக்கு அவன் அனுப்புவது பணம் மட்டும்.

முன்பு இந்தச் சத்து ஊருக்குள்ளேயே சுற்றியது என்பார்கள். சுற்றியது உண்மைதான். சித்திரையில் ஏரி வற்றியதும் மாட்டு வண்டி பூட்டி வண்டல் அடிப்பார்கள். மேலாக வெடித்துக் கிடக்கும் பொருக்கைத் தட்டினால் உள்ளே கருத்த மண், கையில் பிசைந்தால் வெண்ணெய் மாதிரி வழியும், நத்தை ஓடும் மக்கிய அல்லி வேரும் அதில் கிடக்கும். அறுப்பு முடிந்த கழனியில் ஆட்டுக்கிடை போடுவார்கள். கிடைக்காரருக்கு ராத்திரிச் சாப்பாடும் நெல்லும் கூலி. புங்கந்தழையும் எருக்கும் சேற்றில் மிதித்து விடுவார்கள். மேட்டில் கரைந்தது ஏரிக்கு வர, ஏரியில் படிந்தது மேட்டுக்குத் திரும்பியது; அந்த ஏரி பாசனத்துக்கு மட்டும் கட்டியது என்று சொல்வது பாதி உண்மைதான். இதையெல்லாம் எழுத எனக்குப் பிடிக்கிறது, பிடிப்பதாலேயே கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுற்று தானாகச் சுற்றவில்லை. வண்டலை வெட்டித் தலையில் சுமந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில் ஒரு சென்ட் இல்லாதவர்கள். நகரங்களில் மனித மலத்தை வாளியில் எடுத்து எருக்கிடங்குக்குக் கொண்டுபோனதும் சுழற்சிதான். அதை யார் தலையில் வைத்துச் சாதி நடத்தியது என்பதற்காகத்தான் 1993இலும் 2013இலும் சட்டம் போட வேண்டிவந்தது. சத்துச் சுழற்சி என்ற சொல்லைச் சூழலியல் புத்தகத்தில் படிக்கும்போது அந்த அம்புக்குறிகளுக்குக் கைகள் இருந்ததை நான் மறப்பதற்கில்லை. குழாயும் பம்பும் வந்து அந்தக் கைகளை விடுவித்தது நல்லது. அதன் மறுமுனையில் என்ன செய்வது என்று யாரும் யோசிக்காமல் விட்டதுதான் கோளாறு.

யோசிப்பது யார் பொறுப்பு? இங்கேதான் ஆய்வாளர்களின் உழைப்பு ஒரு சுவரில் போய் மோதுவதாக எனக்குத் தோன்றுகிறது. இஸ்ரோ 2011இல் வெளியிட்ட தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்த நீர்நிலைகளுக்குப் பரப்பு வரையவில்லை, புள்ளி வைத்தார்கள். நாடு முழுக்க அப்படி ஐந்தரை லட்சத்துக்கு மேல் புள்ளிகள். நம்முடைய குட்டைகளும் தாங்கல்களும் அந்தப் புள்ளிகளுக்குள் இருக்கின்றன. 2017இல் வந்த ஈரநிலப் பாதுகாப்பு விதிகளோ பாசனத்துக்காக மனிதர் கட்டியது ஈரநிலம் ஆகாது என்று விலக்கிவிட்டன. குடிநீருக்குக் கட்டியதும் ஆகாது, நெல் வயலும் ஆகாது, ஆற்றுப் படுகையும் ஆகாது. தமிழ்நாட்டு ஏரிகளில் எது பாசனத்துக்குக் கட்டாதது? நாரையும் நீர்க்கோழியும் நாற்பது வகைப் புல்லும் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவை வெறும் தொட்டி. அதே 2017இல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்த அறிவிக்கையில் அளக்கச் சொன்னவை கார அமில நிலை, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள், மலக் கிருமி, இவ்வளவுதான். நைட்ரஜனும் பாஸ்பரஸும் பட்டியலில் இல்லை. 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் அளவுகோலைக் கடுமையாக்கச் சொன்னது. சொன்னதற்கும் குழாய் முனைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே ஏரி பச்சையாகிவிடும். ஆக, விதிப்படி முழுக்கச் சுத்திகரித்த நீர் ஓர் ஏரியை முழுக்கக் கெடுக்கலாம், யாரும் எந்த விதியையும் மீறாமல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அது அழுக்கு. வேளாண்மைத் துறைக்கு அது உரம். ஆனால் மூட்டையில் வந்தால்தான். நீர்வளத் துறைக்கு அது எத்தனை கன அடி என்பது மட்டும். மூன்று அலுவலகத்திலும் மூன்று பேரேடு. ஒன்றில் வரவு வைத்தது இன்னொன்றில் செலவாக ஏறுவதில்லை.

அளப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மாதத்துக்கு ஒரு தரம் பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதிக்கும் தண்ணீர், அந்த மாதத்தைச் சொல்லுமா? ஃபெஞ்சல் புயலின் வாலில் 2024 டிசம்பர் முதல் தேதி இரவு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் கோடி போய், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் மிதந்து போனதை நாடே பார்த்தது. அன்றைக்கு ஓடிய தண்ணீர் காப்பி நிறம். அடியுரம் போட்டு மூடிய மண்ணும், எருக்குழியும், கோழிப் பண்ணைக் குப்பையும், பத்து வருஷமாக ஏரியில் படிந்த வண்டலும் அதில் இருந்திருக்கும். பாஸ்பரஸ் மண் துகளில் ஒட்டிப் போகும் பொருள். அதனால் வருஷத்தின் பெரும்பகுதி ஒன்றிரண்டு வெள்ளத்தில் நகர்ந்துவிடும் என்பது ஆய்வாளர்கள் பல ஆறுகளில் கண்டது. அந்த இரவில் பாட்டிலோடு யாரும் நின்றிருக்க முடியாது, நிற்கச் சொல்வதும் அக்கிரமம். ஆனால் அந்த இரவைக் கழித்துவிட்டு ‘சராசரி’ என்று ஒன்றைப் போடும்போது சிங்காரப்பேட்டை மாதிரி ஊர்கள் எப்போதும் நல்லவர்களாகவே தேறுகின்றன. எங்கள் பங்கு வெள்ளத்தில் போகிறது, பெங்களூருவின் பங்கு தினமும் சொட்டுகிறது. தினமும் சொட்டுவதுதான் பாட்டிலில் விழும்.

கர்நாடகத்தின் கோலாரில் ஒரு விடை தேடியிருக்கிறார்கள். 2018இலிருந்து பெங்களூருவின் கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரை இரண்டாம் கட்டம் வரை சுத்திகரித்து, நாளைக்கு 44 கோடி லிட்டர் என்ற திட்டத்தில் அங்குள்ள 126 ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். முதல் சில வாரங்களிலேயே லட்சுமிசாகர ஏரியில் நுரை கண்டு வழக்கு நடந்தது. பிறகு தண்ணீர் தொடர்ந்து ஓடியது. வறண்ட கிணறுகளில் நீர் ஊறியதைப் பார்த்த விவசாயியிடம் மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு ஏன் இல்லை என்று கேட்பவர்கள் எதிரியாகத் தெரிவார்கள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவன் இல்லை: சத்தைத் திருப்பித் தருவது சரி, கழிவுநீரோடு வரும் கன உலோகத்தையும் சேர்த்துத் தருவது மோசடி, பிரித்துத் தருவதற்கான செலவு நகரத்தின் தலையில்தான் விழ வேண்டும். பெங்களூருவின் ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த நீரைக் கோரையும் சம்பும் நிறைந்த ஒரு சதுப்பு வழியாக நடத்தி அப்புறம் ஏரிக்குள் விடுகிறார்கள். அதுகூட கோரையை வருஷா வருஷம் அறுத்து வெளியே எடுத்தால்தான் பலன் தரும். அறுக்காமல் விட்ட கோரை மக்கி, பிடித்ததை அப்படியே திருப்பிக் கொட்டிவிடும்.

கே.ஆர்.பி. இடது கால்வாய்ப் பாசனத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் தண்ணீரில் சத்து வருவதைத் தன் போக்கில் கண்டுபிடித்திருக்கிறார். மதகடியில் இருக்கும் கழனியில் நெல் கருகருவென்று வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடுகிறது, கடைமடைக் கழனியில் அப்படி இல்லை. “தண்ணியிலயே ஏதோ வருது தம்பி. அப்ப நான் எதுக்குக் காசு குடுத்து அதே உரத்தைப் போடணும்?” என்றார். சாய்வதற்குத் தழைச்சத்து காரணமாக இருக்கும், மணிச்சத்து வேறு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். மண்வள அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் மண்ணுக்குப் பன்னிரண்டு கட்டம் இருந்தது, பாய்ச்சும் தண்ணீருக்கு ஒன்றும் இல்லை. “தண்ணியைக் குடுத்துப் பாருங்கண்ணா, தனியா சோதிப்பாங்க” என்றேன். உப்பு இருக்கா, காரம் இருக்கான்னுதான் எழுதித் தர்றாங்க என்றார். இந்தப் போகத்தில் மதகடிக் கழனிக்கு மட்டும் டிஏபியை நிறுத்திப் பார்க்கப்போகிறார். உரக்கடையில் மட்டும் இன்னும் சொல்லவில்லையாம். போன போகத்துப் பாக்கி நிற்கிறது. மூட்டை எடுக்காவிட்டால் அதை உடனே கேட்பார்கள்.